மறு: கேஷ் என்பதற்குத் தமிழ்ச்சொல் – அண்மைப்படி?

வணக்கம் நண்பர்களே,

> பதுக்ககம் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

கேஷ் (cache) என்பது, மறுபடி தேவைப்படக்கூடிய தரவின் நகலைக் கணினி கிட்டத்தில் வைத்துக்கொள்ளும் இடம். அதற்குப் பதுக்ககம் என்ற சொல் இருக்கும்போது 'அண்மைப்படி' எதற்கு என்ற மேற்கண்ட கேள்விக்கு என் பதில் இது.

சென்ற வாரம் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி கைபேசியோடு வந்தார். கணக்கு எழுதும் செயலி இழுத்துக்கொண்டே நிற்கிறதாம். "கேஷை அழிச்சுப் பார்க்கலாம் அண்ணாச்சி" என்றேன். பதறிவிட்டார். "கேஷா? வரவு செலவெல்லாம் அதுலதானே தம்பி இருக்கு?" அவர் காதில் விழுந்தது ரொக்கம். திரையைக் காட்டினேன், அங்கே 'தற்காலிகச் சேமிப்பு' என்றிருந்தது. சேமிப்பை அழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. அவர் பயந்ததில் தவறே இல்லை. அழியப்போவது நகல்தான், அசல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதை இரண்டு சொல்லுமே சொல்லவில்லை.

பதுக்ககமும் சொல்லாது. ஒளித்துவைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது கேஷ். அந்தப் பொருளை அப்படியே பிடித்துக்கொண்ட சொல் பதுக்ககம். நமக்கோ பதுக்கல் என்றாலே அரிசிப் பதுக்கல்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் முதலிலேயே அமைந்துவிடவில்லை. 1965இல் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இதே கருத்தை 'அடிமை நினைவகம்' என்றுதான் எழுதினார். 1968இல் ஐபிஎம் 360 கணினி வரிசையின் 85ஆம் மாதிரியை விளக்கிய கட்டுரையில்தான் கேஷ் என்ற பெயர் வந்தது. பெயரின் வேரை விட்டுவிட்டு, வேலையைப் பார்த்துப் பெயர் வைக்க நமக்கும் உரிமை உண்டு.

வேலை என்ன? மிளகாய் மூட்டை உள்ளறையில் இருக்கும். அடுப்பருகே அஞ்சறைப்பெட்டி இருக்கும். ஒவ்வொரு தாளிப்புக்கும் உள்ளறைக்கு நடக்க முடியாது. (பெட்டியில் இருப்பது நகல் அல்ல, உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.) எதைப் பெட்டியில் வைப்பது என்பதற்குக் கணினி இரண்டு கணிப்புகளை நம்புகிறது: சற்றுமுன் கேட்டதை மறுபடி கேட்பார்கள், கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையும் கேட்பார்கள். ஒன்று காலத்தால் நெருக்கம், மற்றொன்று இடத்தால் நெருக்கம். தமிழில் 'அண்மை' என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. அண்மையில் பார்த்தேன் என்கிறோம், வீட்டுக்கு அண்மையில் என்றும் சொல்கிறோம். இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: அண்மைப்படி (படி என்றால் நகல்). கணினியின் மையச் செயலகச் (CPU) சில்லுக்குள் இருக்கும் வன்பொருளைக் குறிக்க அண்மை நினைவகம்.

பேக்கப்புக்குக் காப்புப்படி என்று எழுதிவருகிறோம். அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். காப்புப்படி, அசல் தொலைந்தால் மீட்பதற்கு. தள்ளி வைத்தால்தான் பாதுகாப்பு. அண்மைப்படி, விரைவுக்கு, கிட்டத்தில் வைத்தால்தான் பயன். முன்னதை அழித்தால் ஆபத்து, பின்னதை அழித்தால் அடுத்த முறை கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். பஃபர் இரண்டிலும் சேராது. அது போகிற வழியில் தரவு காத்திருக்கும் இடம். இடையகம் என்ற சொல்லே போதும்.

வலையமைப்பிலும் பொருந்துகிறது. தளத்தை வேறு சேவையகத்துக்கு மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய ஐ.பி. முகவரியே வரும். டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்குரிய ஐ.பி. முகவரியைச் சொல்லும் ஏற்பாடு) பதிவின் ஆயுளை 86,400 நொடி என்று குறித்திருந்தால், ஒரு நாள் முழுக்க அந்த நகலையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். 'அண்மைப்படி காலாவதியாகவில்லை' என்றால் விளக்கமே தேவையில்லை.

வினைக்குத்தான் இடறுகிறது. 'அண்மைப்படுத்து' எனக்கு ஒட்டவில்லை. 'அண்மைப்படி எடு' பரவாயில்லை. ஏடுகளைப் படியெடுத்த வழக்கம் நமக்கு உண்டு.

தேடியது அண்மைப்படியில் இருந்தால் 'கிட்டியது', இல்லையென்றால் 'கிட்டவில்லை' என்று எழுதலாமா? கிட்டுதல் என்றால் கிடைத்தல், நெருங்குதல் இரண்டும்தானே. ஈழத்து, மலேசிய நண்பர்களின் காதுக்கு இது எப்படி ஒலிக்கிறது என்று சொல்லுங்கள்.