ஞாயிறு இரண்டு மணி நேரம்தான்: ஜென் தியானமும் சர்ஃபிங்கும் சேர்த்துத் தொடங்குவது எப்படி?

ஓஎம்ஆர்வாசி:
வணக்கம். வார நாளில் காலை 20 நிமிடம், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். கையில் இருப்பது இவ்வளவுதான். ஜென் முறையில் மூச்சை எண்ணினால் மூன்று நான்குக்கு மேல் போவதில்லை, ஆபீஸ் மெயில் நினைப்பு வந்துவிடுகிறது. பத்தாவது நிமிடம் கால் மரத்துப்போகிறது. சென்னை அருகே கோவளத்தில் சர்ஃபிங்கும் (பலகையில் அலையேறுவது) கற்க ஆசை. நீச்சல் தெரியும், குளத்தில் மட்டும். எதில் தொடங்கலாம்?

திண்டு:
முதலில் கால். இருக்கை தாழ்வாக இருப்பதால்தான் பெரும்பாலும் மரக்கிறது. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். கெட்டியான தலையணையையோ போர்வையையோ 15 செ.மீ. உயரத்துக்கு மடித்து, அதன் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். இரண்டு முழங்காலும் தரையைத் தொட்டால் முதுகு தானே நிமிரும். தொடவில்லையா, கீழே துண்டு வையுங்கள். பத்மாசனம் கட்டாயமில்லை. நாற்காலியிலும் உட்காரலாம், முதுகு மட்டும் சாயக்கூடாது.

கண்ணை மூட வேண்டாம். மூடினால் தூக்கம் வரும், இல்லையென்றால் கற்பனை ஓடும். பார்வையைத் தாழ்த்தி, ஒரு மீட்டர் தள்ளித் தரையில் வையுங்கள். வலது உள்ளங்கைமேல் இடது கை, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொட்டபடி. விரல்கள் பிரிந்தால் கவனம் தளர்ந்துவிட்டது. கூம்பி மேலே எழுந்தால் உடம்பு இறுகியிருக்கிறது. கண்ணாடி மாதிரி காட்டிக்கொடுக்கும்.

மூச்சு வெளியே போகும்போது ஒன்று. பத்து வந்ததும் மறுபடி ஒன்று. மூன்றில் அறுந்தால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள், அதில் குறையே இல்லை. அறுந்ததைக் கண்டுகொள்வதுதான் பயிற்சி. பத்தைத் தாண்டிப் பதினேழு பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தால்தான் கவலை: வாய் எண்ணுகிறது, மனம் வேறெங்கோ.

நீண்ட விடுப்பு கிடைத்தால் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் உள்ள போதி ஜெண்டோ என்ற ஜென் தியான மையத்துக்குப் போங்கள். ஜப்பானில் ஜென் ஆசான் யமதா கோவுனிடம் பயின்ற இயேசு சபைத் துறவி ஆமா சாமி 1996-இல் தொடங்கியது. நேரில் ஒருவர் உட்காரும் நிலையைத் திருத்துவதற்கு ஈடே இல்லை.

கரைக்காற்று:
குளத்து நீச்சலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பயிற்சியாளரோடு, இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் நுரை அலையில் தொடங்குங்கள். 8 முதல் 9 அடி நீள ஃபோம் போர்டு, காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு. காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இருக்கும்வரை அலையின் முகம் வழவழப்பாக நிற்கும். கடல்காற்று எழுந்ததும் கலைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், புதியவர்களுக்கு ஆகாது.

படுக்கும்போது முன்னால் ஏறிவிட்டால் போர்டின் மூக்கு தண்ணீரில் குத்தும். பின்னால் இருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு வேகம் சாகும். மூக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும் இடம்தான் சரி. எழும்போது உள்ளங்கைகள் விலாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், போர்டின் விளிம்பைப் பிடித்தால் ஆடும். முழங்கால் ஊன்றாமல் ஒரே அசைவில் எழுங்கள். பார்வை கரையில்; பாதத்தைப் பார்த்தால் விழுவது உறுதி. உங்கள் 20 நிமிடத்தில் 15 உட்காருவதற்கு, மீதி 5 இப்படி எழுவதைத் தரையில் பழகுவதற்கு.

போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவே பிடிக்காதீர்கள், முகத்தில் அடிக்கும். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் போர்டை விடாமல் கரைக்கு இணையாகக் கைகளால் துடுப்பு போடுங்கள். எதிர்த்துப் போராடினால் சோர்வுதான் மிச்சம். இறங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம் நீரோட்டம் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஓஎம்ஆர்வாசி:
மிக்க நன்றி. தண்ணீரிலும் மூச்சை எண்ணலாமா?

திண்டு:
நுரை அலையில் வேண்டாம், அங்கே கவனம் முழுதும் அலையில்தான் இருக்க வேண்டும். மூச்சடக்கும் பயிற்சியைக் கடலில் தனியாகச் செய்யவே கூடாது, மயக்கம் வந்தால் முன்னறிவிப்பு இருக்காது. எண்ணுவதற்கு நல்ல இடம் கரை. இறங்குமுன் பத்து நிமிடம் நின்று, பெரிய அலைகள் எத்தனை கூட்டமாக வருகின்றன, நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தியானத்தில் பழகும் கவனம் இங்கே அப்படியே உதவும்.

கரைக்காற்று:
இதோடு ஒன்று. விழுந்து எழுந்ததும் அடுத்த அலைக்குப் பாயாமல், ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டுப் போர்டைத் திருப்புங்கள். புதியவர்கள் அவசரத்தில் அரைமூச்சோடு துடுப்பு போட்டு இருபதே நிமிடத்தில் களைத்துப்போகிறார்கள். தோள் கனத்தால் கரையேறுங்கள்; முதல் மாதம் ஒரு மணி நேரமே தாராளம்.