காற்றுப்புகாமையா, காற்றுக்கசிவா? – வீடுகளின் கசிவுச் சோதனைக்கான சொற்கள்

வணக்கம்.

ஒரு வீடு இடுக்குகள் வழியே காற்றை எவ்வளவு விடாமல் தடுக்கிறது என்பதைக் குறிக்கும் airtightness என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் காற்றடைப்பு என்றதும் டயருக்குக் காற்று அடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது, அதனால் வேண்டாம். காற்றிறுக்கமும் சரிவராது, "ஒரே இறுக்கமா இருக்கு" என்று நாம் சொல்வது புழுக்கத்தை. மிஞ்சுவது காற்றுப்புகாமை.

"புகாமை என்றாலே எல்லோருக்கும் புரிந்துவிடுமே?" என்று கேட்டிருந்தீர்கள்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். புட்டிக்கும் டப்பாவுக்கும் அது பொருத்தமான சொல், அங்கே மூடி காற்றை விடுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. வீட்டில் அப்படி இல்லை. எந்த வீடும் கொஞ்சமாவது கசியும், எவ்வளவு கசிகிறது என்பதைத்தான் அளக்கிறோம். அதோடு குளிர்காலத்தில் சூடான காற்று மேலே எழும்பி மாடிப் பக்கம் வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழே குளிர்காற்று நுழையும். புகாமை என்ற சொல்லில் நுழைவது மட்டும்தான் இருக்கிறது, வெளியேறுவது இல்லை. சுவருக்குள் ஈரம் படிந்து மரம் கெடுவதற்கு அப்படி வெளியேறும் ஈரக்காற்றும் ஒரு முக்கியக் காரணம் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

சோதனையைப் பாருங்கள். வாசற்கதவைத் திறந்து, நிலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தித் துணியால் மூடி, அதில் ஒரு பெரிய விசிறியை மாட்டுகிறார்கள். சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும்வரை காற்றை வெளியே இழுக்கிறார்கள். 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம், அவ்வளவுதான். அந்த நேரம் மின்சுவிட்சுப் பலகை ஓரத்தில் கையை வைத்தால் சில்லென்று காற்று விரலில் படும், புகைக்குச்சியைக் காட்டினால் புகை அறைக்குள் வளையும். பரண் கதவு, குழாய் சுவரைத் துளைக்கும் இடம், சன்னல் சட்டம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். அழுத்தத்தை நிலையாக வைக்க விசிறி மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறதோ, அதை வீட்டின் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பதுதான் என்50 (n50) என்ற எண். ஐஎஸ்ஓ 9972 என்ற பன்னாட்டுத் தரநிலை சொல்வதும் இந்த முறைதான்.

ஆக, கருவி எண்ணுவது கசிவை. எண் கூடினால் கசிவு கூடுதல். இதற்குப் 'புகாமை அளவு' என்று பெயர் வைத்தால், எண் கூடக்கூட வீடு நல்லது என்றுதான் படிப்பவர் நினைப்பார், உண்மை நேர் எதிர். என்50-ஐக் கசிவெண் என்றும், அளவிடப்படும் பண்பைக் காற்றுக்கசிவு என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

கணக்கிலும் இது இயல்பாக உட்காருகிறது. 250 கன மீட்டர் வீடு, கசிவெண் 10 என்று வையுங்கள்; சோதனையின்போது மணிக்கு 2,500 கன மீட்டர் கசியும். சாதாரண நாளின் கசிவுக்கு அதை 20-ஆல் வகுப்பது பழைய தோராய வழக்கம் (காற்றையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து மாறும்), அப்படியானால் மணிக்கு 125 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 0.34 வாட்-மணி தேவை; வெளியே உள்ளதைவிட உள்ளே 20 பாகை கூடுதலாக இருந்தால் 850 வாட் இடைவிடாமல் கசிவுக்கே போகிறது. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் உருவான பாசிவ்ஹவுஸ் தரத்தில் கசிவெண்ணின் வரம்பு 0.6. அதே வீடு அந்த வரம்புக்கு வந்தால் 51 வாட்!

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். 'காற்றுப்புகா வீடு' என்றால் மூச்சு முட்டுமே என்று பயப்படுவார்கள், அந்தப் பயத்தைக் கிளப்புவதே அந்தச் சொல்தான். காற்றோட்டம் நாம் வேண்டும் என்று வைப்பது, கசிவு நம்மைக் கேட்காமல் நடப்பது. கசிவை அடைத்துவிட்டு, வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டுத் தரும் காற்றோட்டக் கருவியை வைப்பதுதான் முறை. இரண்டு சொல்லும் அருகருகே நின்றால் விளக்கமே தேவைப்படாது.

மற்றவற்றுக்கு: காற்று உள்ளே நுழைவதற்கு உட்கசிவு, வெளியேறுவதற்கு வெளிக்கசிவு, இடைவெளிகளை அடைக்கும் வேலைக்குக் கசிவடைப்பு. மேலே சொன்ன சோதனைக்கு (blower door test) 'ஊதுகதவு' என்று எழுதியிருந்தீர்கள். விசிறி ஊதவும் செய்யும் உறிஞ்சவும் செய்யும் என்பதால் விசிறிக்கதவுச் சோதனை சரியாக இருக்கும். இதைவிடச் சுருக்கமாக ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கசிவு என்ற வேர்ச்சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டாம்.