மைக்ரோகிளியா: நுண்பசையணுவா, காவலணுவா, துழாவணுவா?

வணக்கம்.

விழித்திரைக் குருதிக்குழாய்கள் பற்றிய கட்டுரைக்கு மைக்ரோகிளியாவுக்கு (மூளையிலும் விழித்திரையிலும் இருக்கும் கிளைவிட்ட எதிர்ப்பணு) ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். நுண்கிளியா, நுண்பசையணு, காவலணு என்று மூன்று கைவசம் உள்ளன. என் சாய்வு காவலணு பக்கம். காரணம் இதன் வேலை: இவற்றின் கிளைகளில் சில நரம்பணு இணைப்புகளைத் தொடும், சில தந்துகிச் சுவரைத் தொடும். நரம்பணு வெளியிடும் ஃபிராக்டல்கைன் என்ற சமிக்ஞைப் புரதத்தை மைக்ரோகிளியாவின் சிஎக்ஸ்3சிஆர்1 ஏற்பி பெற்றுக்கொண்டால் தந்துகி சுருங்குகிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகக் குழு 2021-இல் எலிகளில் இதைக் காட்டியது. கேண்டசார்டன் என்ற குருதி அழுத்த மருந்தைக் கொடுத்து, குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை அடைத்தால் சுருக்கம் வருவதில்லை. அளவோடு குருதி விடுகிற காவலாளி என்றே சொல்லலாம்.

---

> என் சாய்வு காவலணு பக்கம்

ஐயா, அந்தச் சொல்லைத் தாவரவியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. இலைத்துளையின் இருபுறமும் இருப்பவை தமிழ்நாட்டுப் பாடநூலில் காப்பு செல்கள், இலங்கையில் காவற்கலங்கள். மோதல் நிச்சயம்.

அதைவிடப் பெரிய சிக்கல், இவை எப்போதும் காப்பதில்லை. நீரிழிவு நாட்பட்டால் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற அழற்சிப் புரதங்கள் இரண்டையும் சுரக்கின்றன. தந்துகிச் சுவர் அணுக்களின் இறுக்கப் பிணைப்பு தளர்கிறது, நீர் கசிகிறது, விழித்திரை நடுவிலுள்ள மாக்குலாவில் நீர் கோத்துக்கொள்கிறது. அங்கே போய் “காவலணுக்கள் சுவரைச் சிதைத்தன” என்று எழுதுவீர்களா?

நுண்பசையணுவும் தேறாது. கிளியா என்றால் பசை. நரம்புகளை ஒட்டிவைக்கும் பொருள் என்று ஜெர்மன் மருத்துவர் விர்சோ 19-ஆம் நூற்றாண்டில் நினைத்ததன் எச்சம் அது. மாட்ரிட்டில் டெல் ரியோ-ஹோர்டேகா 1919-இல் வெள்ளிக் கார்பனேட் சாயத்தால் இவற்றைப் பிரித்துக் காட்டி மைக்ரோகிளியா என்றார். ஆனால் இவை மஞ்சள்கருப் பையில் பிறந்து குடியேறிய எதிர்ப்பணுக்கள். நரம்புத் திசுவின் பிள்ளைகளே அல்ல.

---

அப்படியானால் செயலைப் பிடிப்போம்: துழாவணு.

2005-இல் உயிருள்ள சுண்டெலி மூளையில் பார்த்தபோது, அணுவின் உடல் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க, கிளைகள் மட்டும் நீண்டும் மடங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. இருட்டில் தீப்பெட்டி தேடும் கை நினைவுக்கு வருகிறது. லேசரால் ஒரு குருதிக்குழாயைச் சற்றே புண்படுத்தியதும் அருகிலிருந்த கிளைகள் அந்த இடத்துக்குத் திரும்பிப் புண்ணைப் போர்த்தின. விழித்திரையிலும் இதே வகைத் துழாவல்தான்.

புணர்ச்சியும் சுளுவு: துழாவணுக்கள், துழாவணுத் தூண்டல், துழாவணுப் பெருக்கம். சிவப்பணு, வெள்ளையணு இருப்பதால் ‘அணு’ குழப்பாது. (திருத்துழாய் நினைவுக்கு வருகிறவர்கள் பொறுத்தருள்க.)

---

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் தூண்டப்பட்டதும் இவை கிளைகளை உள்ளிழுத்து அமீபாபோல உருண்டுவிடும். அப்போது துழாவல் ஏது?

இன்னொன்று, படக்குறிப்பு. விழித்திரையை நான்கு இதழாகக் கீறி விரித்து, குழாய்களுக்கு ஐசோலெக்டின் பி4 சாயம் போடுவது வழக்கம். அது துழாவணுக்களிலும் ஒட்டும். “சிவப்பு: குழாய்” என்று மட்டும் எழுதினால் குழாயோரத்தில் தெரியும் சிறு நட்சத்திரங்களைப் படிப்பவர் புதிதாகக் கிளைவிடும் குழாயின் முளை என்றே எண்ணுவார். துழாவணுவைக் காட்டும் ஐபா1 சாயம் போட்டாலும் பெருவிழுங்கிகளும் (மேக்ரோஃபேஜ்) சேர்ந்தே ஒளிரும். இரண்டையும் பிரிக்க பி2ஆர்ஒய்12 என்ற அடையாளச் சாயம் மேல். ஆகவே குழாய்ச் சுவரோரம் இருக்கும் பெருவிழுங்கிக்குத் தனிப்பெயர் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே துழாவணு ஆகிவிடும்.

---

உருண்ட நிலைக்குப் புதுச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம். வண்ணத்துப்பூச்சி கூட்டுப்புழுவாக இருக்கும்போது பறப்பதில்லை, பெயர் போய்விடவில்லை. ‘உருண்ட துழாவணு’, ‘கிளைத்த துழாவணு’ போதும். தந்துகியோரப் பெருவிழுங்கிக்கு ‘குழாயோர விழுங்கி’ என்று வைக்கலாம்.

காவலணுவைத் திரும்பப் பெறுகிறேன். கட்டுரையில் முதல் இடத்தில் ‘துழாவணு (மைக்ரோகிளியா)’ என்றும், பிறகு துழாவணு என்றும் போகும். படக்குறிப்பு இப்படி:

“ஐசோலெக்டின் பி4: குழாய்ச்சுவர், துழாவணு இரண்டும். ஐபா1: துழாவணு, குழாயோர விழுங்கி. இரண்டு சாயமும் ஏறியது குழாய் முளை அன்று.”