ப்ளூட்டோ எஸ்டிஆர் ரேடார்: ரெண்டு படகும் ஒரே கட்டியா தெரியுது, உதவுங்க

காசிமேடு_கரை:
அவசரம். ப்ளூட்டோ எஸ்டிஆர்ல (மென்பொருளால இயங்குற சின்ன ரேடியோ), மொட்டை மாடியிலேருந்து எஃப்எம்சிடபிள்யூ ரேடார் (அதிர்வெண்ணை ஏத்திக்கிட்டே அனுப்பி எதிரொலியில தூரம் பாக்கிறது). கட்டிப் போட்ட ரெண்டு படகு ஒரே கட்டியா வருது. எஃப்எஃப்டியை (சிக்னலை அதிர்வெண்களா பிரிக்கிற கணக்கு) 4096 புள்ளியிலேருந்து 16384 ஆக்கியாச்சு. கோடு வழவழன்னு ஆச்சே தவிர பிரியலை.

அலைக்கம்பி:
பேண்ட்வித், அதாவது ஸ்வீப் போற அதிர்வெண் அகலம், எவ்வளவு? படகு ரெண்டும் முன்னும் பின்னுமா, பக்கவாட்டிலயா? பக்கவாட்டுன்னா பேண்ட்வித் எவ்வளவு கூட்டினாலும் பிரியாது, அது ஆன்டெனா அகலத்தோட வேலை.

ராயபுரம்_ஆர்எஃப்:
ஹேமிங் விண்டோ (எஃப்எஃப்டிக்கு முன்னாடி சிக்னலோட ஓரத்தைத் தணிக்கிறது) போட்டிருப்பீங்க. பக்க மடல் (உச்சத்துக்குப் பக்கத்துல வர்ற பொய் மேடு) -43 டெசிபலுக்கு இறங்கும், ஆனா நடு மடல் ஒண்ணரை மடங்கு அகலமாயிடும். எடுத்துடுங்க.

காசிமேடு_கரை:
முன்னும் பின்னும். நடுவுல 4 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்வீப்.

சிக்னல்வாத்தியார்:
ஒளிவேகத்தை பேண்ட்வித்தின் இரு மடங்கால் வகுத்தால் 7.5 மீட்டர்; பிரித்துப் பார்க்கக்கூடிய குறைந்த இடைவெளி அதுதான். விண்டோவை எடுத்தாலும் 4 மீட்டர் பிரியாது. எஃப்எஃப்டி நீளத்தைக் கூட்டினால் புள்ளிதான் கூடும், தகவல் கூடாது. இது முதல் பாடம் தம்பி, படித்துவிட்டுக் கேட்பது நல்லது.

அலைக்கம்பி:
வழியையும் சொல்லணும்ல வாத்தியாரே. கரை, பேண்டைத் துண்டு துண்டா எடுத்து ஒட்டுங்க. மையம் 2408, 2420, 2432, 2444, 2456, 2468 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொண்ணுலயும் ஃபில்டர் ஓரத்தை விட்டுட்டு நடு 16 மெகாவுக்குள்ள மட்டும் ஸ்வீப் பண்ணுங்க. மொத்தம் 76 மெகா, சுமார் 2 மீட்டர் கிடைக்கும். யுஎஸ்பி 2.0-ல 20 எம்எஸ்பிஎஸ் (நொடிக்கு 2 கோடி சாம்பிள்) தொடர்ந்து வராது, சாம்பிள் விழும். 1 மில்லிசெகண்ட் பஃபரா எடுங்க, டிரான்ஸ்மிட்டை சைக்ளிக்ல விடுங்க, ஒரே ஸ்வீப் திரும்பத் திரும்பப் போகும். எல்ஓ (மைய அதிர்வெண்ணைத் தர்ற ஆஸிலேட்டர்) மாறும்போதெல்லாம் ஃபேஸ் (அலை தன் சுற்றுல நிக்கிற இடம்) இஷ்டத்துக்குத் தாவும். ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல நேரா கசியற சிக்னல் எல்லாத் துண்டுலயும் இருக்கும். அதோட ஃபேஸை வெச்சு மத்ததைத் திருப்பி, அப்புறம் ஒட்டுங்க.

ராயபுரம்_ஆர்எஃப்:
இவ்வளவு எதுக்கு? மியூசிக் அல்காரிதம் (எஃப்எஃப்டியைவிட நுணுக்கமா பிரிக்கிற கணக்கு) போட்டா 20 மெகாவுலயே பிரியும்.

சிக்னல்வாத்தியார்:
இரண்டு எதிரொலியும் ஒரே சிக்னலின் நகல். ஸ்மூதிங் (பேண்டைச் சிறு துண்டுகளாக்கிச் சராசரி எடுப்பது) செய்யாமல் மியூசிக் தடுமாறும், செய்தால் பேண்ட்வித் சுருங்கும்.

ராயபுரம்_ஆர்எஃப்:
எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு பெருசுங்கிறது) நல்லா இருந்தா சுருங்கினாலும் பிரியும் சார்.

சிக்னல்வாத்தியார்:
கடலோரக் கிளட்டரில் (வேண்டாத எதிரொலிகளில்) அந்த எஸ்என்ஆர் எங்கிருந்து வரும்?

மணலி_ஆன்டெனா:
சண்டை அப்புறம். 2400 முதல் 2483.5 வரைதான் உரிமம் தேவையில்லாத பேண்ட். துறைமுகம் பக்கத்துல வெளியே தாண்டிடாதீங்க. உள்ளேயும் வைஃபை நெரிசல், அடி வாங்கின துண்டைத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப எடுங்க.

காசிமேடு_கரை:
ஒட்டியாச்சு. தரையில 3 மீட்டர் இடைவெளியில வெச்ச தகர ட்ரம் ரெண்டும் பிரியுது. படகு இன்னும் மசமசன்னுதான். நன்றி.

அலைக்கம்பி:
படகு ஆடுது. 3 செ.மீ. நகர்ந்தாலே ஃபேஸ் அரைச் சுற்று மாறிடும். ஆறு துண்டையும் சில பத்து மில்லிசெகண்டுக்குள்ள முடிக்கணும். சிப்போட ஃபாஸ்ட்லாக்ல (அதிர்வெண் அமைப்பைச் சேமிச்சு வெச்சு சட்டுனு மாத்துற வசதி) 8 ப்ரொஃபைல் இருக்கு, உங்களுக்கு 6 போதும். ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து போடுங்க.