டெபியன் 11ஐ மேம்படுத்தினால் மாத்தே டெஸ்க்டொப் நிலைக்குமா?

முத்தையன்கட்டு வாசகர்:
வணக்கம். எங்கள் வாசிகசாலையில் 2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினிகள் நான்கு, டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மாத்தே டெஸ்க்டொப்புடன் (திரைத்தோற்றத்துடன்) இயங்குகின்றன. டெபியன் 11இன் நீண்டகால ஆதரவு 2026 ஓகஸ்ட் 31உடன் முடிவதால் மேம்படுத்தியே ஆகவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஒவ்வொரு பட்டை, இடப்பக்க மூலையில் மெனு என்ற அமைப்பில்தான் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கை பழகியிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு கணினியில் நோம் 3 வகை டெஸ்க்டொப்பைப் போட்டபோது, படிவம் நிரப்ப வந்த ஐயா ஒருவர், சிறிதாக்கிய கோப்பு எங்கே போனதென்று தெரியாமல் எழுந்து போய்விட்டார். மாத்தேயின் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) மட்டும் 'ஹோல்ட்' செய்து பழைய பதிப்பிலேயே நிறுத்திவிட்டு, மற்றவற்றை மேம்படுத்தலாமா? இங்கே கைப்பேசி டேட்டாதான். மின்சாரமும் சொல்லாமல் நின்றுவிடும்.

வவுனியா லினக்ஸ்காரன்:
ஹோல்ட் செய்யாதீர்கள். பழைய பொதிகள் பழைய நிரல் நூலகங்களையே கேட்கும். மற்றவை புதியவற்றைக் கேட்கும். அந்த இழுபறியில், பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் மேம்படுத்த மறுக்கும், அல்லது டெஸ்க்டொப்பையே நீக்கவா என்று கேட்கும். நீங்கள் காக்க விரும்புவதுதான் முதலில் பறிபோகும்.

அதற்குத் தேவையும் இல்லை. 2011இல் நோம் 3 வந்து பழைய தோற்றம் கைவிடப்பட்டபோது, நோம் 2இன் மூலநிரலிலிருந்து கிளைத்ததுதான் மாத்தே. (பெயர் தென்னமெரிக்கர் குடிக்கும் ஒரு மூலிகைப் பானத்தினுடையது, 'மேட்' என்று வாசிப்பவர்களை நான் திருத்திக் களைத்துவிட்டேன்.) உள்ளே ஜிடிகே என்ற வரைகலை நூலகத்தின் 2ஆம் பதிப்பிலிருந்து 3க்கு மாறியபோதும் அது வெளித்தோற்றத்தை மாற்றவில்லை. உங்களிடம் இருப்பது மாத்தே 1.24, டெபியன் 12இன் களஞ்சியத்தில் 1.26 இருக்கிறது.

முதலில் மாத்தேயின் அமைப்புகளை டிகொன்ஃப் என்ற அமைப்புக் கருவி மூலம் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். களஞ்சியப் பட்டியலில் 'புல்ஸ்ஐ' (11இன் பெயர்) என்றிருப்பதை 'புக்வேர்ம்' (12இன் பெயர்) என மாற்றுங்கள். வைஃபைக்குத் தனியுரிமை ஃபர்ம்வெயர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தேவைப்பட்டால், டெபியன் 12இல் அதற்கெனப் பிரிக்கப்பட்ட பகுதியையும் சேர்க்க வேண்டும். புதிய பொதிகள் இல்லாத மேம்படுத்தலை முதலில் செய்து, பிறகு முழு மேம்படுத்தலுக்குப் போங்கள். 'ஆம்' என்று அழுத்துமுன் நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை வாசியுங்கள். மாத்தேயின் முதன்மைப் பொதி அதில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மடு வீதி:
டேட்டாவுக்கு ஒரு வழி: ஒரு கணினியில் தரவிறக்கம் மட்டும் செய்யும் தெரிவோடு இரவில் ஓடவிட்டு, இறங்கிய பொதிகளை மற்றவற்றுக்குப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். நிறுவி முடிந்ததும் ஆப்ட் அவற்றை அழித்துவிடும் என்பதால், பிரதி எடுப்பது அதற்கு முன் நடக்கவேண்டும். இடையில் மின்சாரம் நின்றால், ஆப்டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி கருவியைக் கொண்டு அரைகுறையாக நின்ற பொதிகளின் அமைப்பை முடித்துவிட்டுத் தொடரலாம்.

மாங்குளத்தான்:
நான்கும் 64 பிட்தானா என்று பாருங்கள். டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் கேர்னலும் (இயங்குதளத்தின் கருவும்) இல்லை. அவை 12உடன் நிற்கவேண்டியதுதான். பிரதி எடுத்த பொதிகளும் ஒரே வகைக் கணினிக்கே பொருந்தும்.

முத்தையன்கட்டு வாசகர்:
நன்றி. ஒன்று 32 பிட் என்று இப்போதுதான் தெரிந்தது. அதற்குத் தனியாகத் தரவிறக்குகிறேன். முதல் கணினி நேற்றிரவு முடிந்தது. இரண்டு பட்டைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தமிழ் விசைப்பலகை அடையாளம் மட்டும் மேற்பட்டையில் காணாமற்போய், விசைப்பலகை உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ்ஸை மீண்டும் தொடக்கியதும் வந்துவிட்டது.