புது ஸ்கூல், ஒன்பது–பத்து கணக்கு: முதல் நாள் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கேள்வி (பென்னாகரம்_கணக்கு):
பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்கிறேன். ஒன்பதும் பத்தும் எனக்குத்தான், பத்தில் 42 பேர். அதே வாரம் பெற்றோர் கூட்டமும் உண்டு. என் படிப்பு, பாடம் நடத்தும் முறை, வகுப்பில் எதிர்பார்ப்பது என மூன்றையும் சொல்லச் சொல்கிறார் ஹெச்.எம். பி.எட். ரெக்கார்டில் எழுதிய 'கற்பித்தல் தத்துவம்' இங்கே எடுபடுமா? விதிமுறைகளைத் தாளில் அடித்துக் கையெழுத்து வாங்கலாமா?

பதில் 1 (சாக்பீஸ்):
எடுபடாது மேடம். படிப்பைப் பற்றி இரண்டு வரி போதும். நாற்பது நிமிஷ பீரியடில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள், தத்துவம் அதிலேயே வந்துவிடும். உதாரணத்துக்கு: முதல் 5 நிமிஷம் நேற்றைய பாடத்திலிருந்து ஒரு கணக்கு, அடுத்த 15 நிமிஷம் போர்டில் புதுசு, அதன்பின் பிள்ளைகளே போடுவது, கடைசி 5 நிமிஷம் வீட்டுப்பாடம். அந்த முதல் ஐந்து நிமிஷத்துக்கு இன்னொரு உபயோகம் உண்டு. காலையில் டவுன் பஸ் தாமதமாகி லேட்டாக வரும் பிள்ளை சத்தமில்லாமல் உட்கார்ந்து சேர்ந்துகொள்ளும், புதுப் பாடம் தவறாது. வெளியே நிற்க வைத்தால் பஸ் சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை.

விதி மூன்றைத் தாண்ட வேண்டாம். அதில் ஒன்று கட்டாயம் ஜாமெட்ரி பாக்ஸாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தாளில் ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. எட்டு மார்க் இரண்டும் வடிவியலும் வரைபடமும்தான். பாஸ் 35 என்கிறபோது அந்த 16 மார்க்கைக் கடைசிப் பெஞ்சுப் பிள்ளையும் வாங்கிவிட முடியும். மார்க் போவது சின்னச் சின்ன விஷயத்தில்: காம்பஸ் திருகு தளர்ந்திருந்தால் வட்டம் தொடங்கிய இடத்துக்கே திரும்பாது, ரஃப் படம் போடாமல் விடுவார்கள், வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பார்கள், பரவளையத்தை ஸ்கேல் வைத்துக் கோடு கோடாக இணைப்பார்கள். காம்பஸ் வாங்க முடியாத பிள்ளைக்காக மேசையில் நாலைந்து வைத்திருங்கள். 'ஏன் கொண்டுவரவில்லை' என்று விசாரிப்பதிலேயே பீரியட் போய்விடும்.

வீட்டுப்பாடம் ஐந்து கணக்குக்கு மேல் வேண்டாம். 42 நோட்டையும் தினமும் திருத்த முடியாது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அதிலும் ஒரே ஒரு கணக்கை முழுசாகப் பாருங்கள். பார்த்து எழுதியதாகச் சந்தேகம் வந்தால் போர்டுக்குக் கூப்பிட்டு மூன்றாவது ஸ்டெப் எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2 (அரூர்_அறிவியல்):
கையெழுத்துத் தாள் நம் மாவட்டத்தில் சரிப்படாது. அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். கையெழுத்தைப் பிள்ளையே போட்டுவிடும். யாரிடம் பேசினால் பேச்சு எடுபடும் என்று கேட்டு, அந்த நம்பரை வருகைப் பதிவேட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். மாணவிகளின் சொந்த நம்பரை வாங்கவே வேண்டாம்.

கூட்டத்தில் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று யாராவது சொல்வார்கள். சிரித்து மழுப்பாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. அடிக்க மாட்டேன், ஆனால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் போன் வரும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை திடீரென நின்றால் கல்யாணப் பேச்சாகவும் இருக்கலாம். ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

இன்னொன்று. "எந்த ஊரும்மா?" என்பதற்குப் பதில் சொல்லுங்கள். "அங்க எந்தத் தெரு?" என்பது சாதியைக் கேட்கும் வேறு கேள்வி, அதற்குப் பதில் தேவையில்லை. பிள்ளைகளும் தெருவாரியாகத்தான் பெஞ்சு பிடிப்பார்கள். முதல் நாளே அகரவரிசையில் உட்கார வைத்துவிடுங்கள். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுப்பது பற்றி 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு கொடுத்த அறிக்கையும் அதைத்தான் சொன்னது.

பதில் 3 (தளி_ரோடு):
அகரவரிசை சரி, ஆனால் வாராவாரம் ஒரு வரிசை முன்னால் நகர்த்துங்கள். இல்லையென்றால் 'வ'வில் தொடங்கும் பிள்ளை வருஷம் முழுக்கக் கடைசியில்தான். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு மட்டும் முன் பெஞ்சு நிரந்தரம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைக்குக் கணக்கு வரும், கேள்வி புரியாது. 'செவ்வகத்தின் சுற்றளவு' என்று தொடங்கும் வாக்கியக் கணக்கை முதலில் படமாக வரையச் சொல்லுங்கள். சமன்பாடு அப்புறம்.

பென்னாகரம்_கணக்கு:
நன்றி சார், மேடம். மூன்று விதி: ஜாமெட்ரி பாக்ஸ், நோட்டில் தேதியோடு வீட்டுப்பாடம், புரியாவிட்டால் அதே பீரியடில் கேட்பது. சரிதானே?

பதில் 4 (சாக்பீஸ்):
மூன்றாவதை மாற்றுங்கள் மேடம். 42 பேர் முன்னால் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். புரியாத கணக்கு நம்பரை நோட்டு ஓரத்தில் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். அவர்கள் கணக்குப் போடும் நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக நடந்தால் உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும். ஒரே நம்பரில் ஏழெட்டு வட்டம் தெரிந்தால் அதை மறுபடி போர்டில் போடுங்கள்.