டிரெய்லர் லாரிகளுக்குப் பக்கவாட்டுத் தடுப்பு ஏன் இல்லை?

கேள்வி: அமெரிக்க நெடுஞ்சாலையில் டிரெய்லருக்கு அருகில் செல்லும்போது, அதன் அடித்தளம் என் காரின் கண்ணாடிக்கு நேராக நிற்பதைக் கண்டு நெஞ்சு பதறுகிறது. பின்புறம் கம்பி இருக்கிறது. பக்கவாட்டில் ஏன் இல்லை?

பதில் 1: 1967இல் லூசியானாவில் லாரியின் பின்புறம் கார் புகுந்து நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்ட் இறந்தார்; அதனால் அக்கம்பியை மான்ஸ்ஃபீல்ட் கம்பி என்றே பலர் அழைக்கிறார்கள். கார் அடியில் நுழைந்துவிட்டால், மோதலின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதி பயன்படாமல் போக, அடி நேராகக் கண்ணாடியிலும் தலையிலும் விழுகிறது.

பதில் 2: பின்புறத் தடுப்பு மணிக்கு 56 கிலோமீட்டர் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்று 2022இல் விதி கடுமையாக்கப்பட்டது. பக்கவாட்டுத் தடுப்பையோ, எடையையும் செலவையும் காட்டி, இன்னும் கட்டாயமாக்கவில்லை. சில டிரெய்லர்களில் தொங்கும் மெல்லிய பலகை காற்றுத்தடையைக் குறைப்பதற்கானது. அது காரைத் தடுக்காது.

கேள்வி கேட்டவர்: அப்பலகையைத்தான் இத்தனை நாள் தடுப்பு என்று நம்பியிருந்தேன். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன்.